சரக்கு அறையில் ஒரு பச்சை விளக்கு

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு வீட்டின் முன்னறையில் வைஃபை வருகிறது, பின்னறையில் வரவில்லை. நாலு எட்டு நடந்து முன்னால் வந்தால் முடிந்தது. நானோ ஜெர்மனியில் பிரேமன் என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு, போடிநாயக்கனூர் வீட்டின் அந்த நாலு எட்டை நினைத்து ஒன்றரை மாதமாகப் பொருமிக்கொண்டிருந்தேன். எழுதினால் கொஞ்சம் ஆறும் என்று எழுதுகிறேன்.

பின்னறையில் இருப்பவர் என் அத்தா. அப்பாவை எங்கள் வீடுகளில் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். எழுபத்தெட்டு வயது. வாழ்நாள் முழுக்க ஏலக்காய் வியாபாரம். இப்போது அதைத் தம்பி ஷாகுல் பார்க்கிறான். போன வருஷம் அம்மா இறந்த பிறகு, அத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய் வருவதே அவருக்குப் பெரிய பயணம். காதும் அநேகமாகப் போய்விட்டது. காதுக்கு வைக்கும் கருவியை வாங்கிக் கொடுத்தோம். “உள்ள விசிலடிக்குதும்மா” என்று இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டார்.

அதனால் வெறும் போன் பேச்சு எங்களுக்கு உதவாது. முகம் தெரிய வேண்டும். எதிரில் இருப்பவரின் வாயசைவைப் பார்த்து அத்தா பேசிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி எனக்கு, அங்கே அத்தா தொழுது சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருக்கும் நேரம். வாரத்தில் அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நான் யாருக்காவது மகள். மற்ற நேரமெல்லாம் மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறேன், சமைக்கிறேன், பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

2

எங்கள் வீடு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீள வீடு. முன்னால் ஷாகுலின் ஆபீஸ், அதை ஒட்டிச் சரக்கு அறை, அப்புறம் முற்றம், அடுப்படி, கடைசியில் அத்தாவின் அறை. வைஃபை பெட்டி ஆபீஸில் இருக்கிறது. மலையிலிருந்து விலை கேட்டு வரும் தகவல், ஏல மையத்துக்குப் போகும் தகவல் எல்லாம் அதில்தான். சுவர்களோ ஒன்றரை அடி கல் சுவர்கள், செல்போன் டவரும் பின்னறைக்குள் எடுக்காது. அத்தா கட்டிலில் படுத்த பிறகு அந்த ஆபீஸ் வரை வருவது நின்றது. கூடவே என் ஞாயிற்றுக்கிழமையும் நின்றது.

இந்த ஜூலையில் விடுமுறைக்குப் போனபோது, சிக்னலை இழுத்துக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டியை இங்கிருந்தே வாங்கிப் போனேன். என் மகள் ஹனாவுக்குப் பதினாறு வயது. அவள்தான் கடையில் தேர்ந்தெடுத்தாள். “நடுவுல வைக்கணும் அம்மா. ரொம்பப் பக்கத்துல கூடாது, ரொம்பத் தூரத்துல கூடாது. சரியா நடுவுல” என்று ஜெர்மனில் மூன்று தடவை சொன்னாள். தமிழில் சொல்லச் சொன்னால் தோளைக் குலுக்குவாள். எனக்குப் புரிந்துவிட்டதே, பிறகு எதற்குத் தமிழ் என்பது அவள் கட்சி.

பெட்டியைச் சுவரில் செருகப் போனபோதுதான் அதன் ஊசி இரண்டும் தடித்தடியாக இருப்பதும், எங்கள் வீட்டு பிளக்கில் போகாது என்பதும் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் மாற்றுச் செருகி கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத எங்கருந்துக்கா கொண்டாந்தீக?”

“ஜெர்மனியிலருந்துண்ணே.”

“இதே சாமான் நம்ம கடையில அடுக்கிக் கெடக்கே. அம்புட்டுத் தூரத்துலருந்து செமந்துக்கிட்டு வந்தீகளாக்கும்” என்றார். செருகியைக் கொடுக்கும்போதும் சிரிப்பை அடக்கியபடிதான் கொடுத்தார்.

ஆபீஸில் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் செருகி, அதில் ஒரு பொத்தான், இதில் ஒரு பொத்தான் அமுக்கி, விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருந்தேன். பிறகு கழற்றிக்கொண்டு நடுவைத் தேடினேன். சரக்கு அறைதான் சரியான நடு. ஒட்டடை தட்டிக் கழுவிவிட்ட அறை, மூலையில் எடை மிஷின் மட்டும் நின்றது. அதற்கு மேலே இருந்த பிளக்கில் செருகினேன். சிவப்பு, ஆரஞ்சு, பிறகு பச்சை. பின்னறைக்கு ஓடி, அத்தாவின் கையில் டேப்லெட்டைக் கொடுத்து, பிரேமனில் இருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். படம் அசையாமல் வந்தது.

“எங்கன மாட்டியிருக்க?” என்று அத்தா கேட்டார்.

“சரக்கு ரூம்புல அத்தா” என்று அவர் காதோடு ஒட்டிக் கத்தினேன்.

“அங்கயா? சரி சரி. சரக்கு வர்ற வரைக்கும் கெடக்கட்டும்.”

வேலை முடிந்த பெருமையில் இருந்தேன். அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

3

ஆகஸ்ட் முழுக்க நன்றாகப் போனது. செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அடுத்த வாரமும் அப்படியே. வீட்டில் சமைத்து அத்தாவைக் கவனித்துக்கொள்பவர் காளியம்மக்கா. தினமும் சிலமலையிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் டேப்லெட்டை ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் என் எழுத்துச் செய்திகள் அதில் இறங்கும். பிறகு உள்ளே கொண்டுபோய்க் காட்டுவார், அத்தா படிப்பார். அத்தாவுக்கு அதில் தட்டிப் பதில் எழுத வராது. காளியம்மக்காவின் குரலில்தான் பதில் வரும். “மொதலாளி நல்லாருக்காக தாயி. படிச்சாக. சரின்னு சொல்லச் சொன்னாக.” அவ்வளவுதான். ஆறு வாரத்துக்கும் சேர்த்து என் அத்தாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு சரி.

பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை, இங்கே என் கவலை வேறு. அக்டோபர் கடைசியில் அம்மாவுக்கு வருஷ பாத்திஹா. பிறைக் கணக்கில் ஓராண்டு முடியும் நாளில், இறந்தவருக்காக ஓதி, நெய்ச்சோறு ஆக்கி எல்லோருக்கும் கொடுப்பார்கள். போன வருஷம் அம்மாவின் அடக்கத்துக்கே நான் போய்ச் சேரவில்லை, மூன்றாம் நாள்தான் போனேன். இந்த நாளிலாவது அத்தாவின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் இங்கே தங்குவதற்கான அட்டை காலாவதியாகிவிட்டது. புது அட்டை வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால், திரும்ப உள்ளே விடுவார்களா என்பதற்கு யாரும் உறுதி சொல்லவில்லை.

விடிவதற்கு முன்பே அந்த அட்டை கொடுக்கும் அலுவலகத்தின் முன் வரிசையில் நின்று, ஒரு பெண்ணின் மேஜையைப் பிடித்தேன். அவசரப் பயணத்துக்கு ஒரு தாள் தருவார்களாம்.

என்ன அவசரம் என்று கேட்டாள். அம்மா இறந்துவிட்டார் என்றேன். உண்மையாகவே முகம் வாடி, எப்போது என்று கேட்டாள். போன வருஷம் என்றேன். பேனாவைக் கீழே வைத்தாள். நான் பதறிப்போய், ஓராண்டு முடிகிறது, வீட்டில் விருந்து இருக்கிறது என்று விளக்கினேன். பாத்திஹாவுக்கு ஜெர்மன் சொல் கிடைக்காமல் விருந்து என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். கொண்டாட்டங்களுக்கு அவசரத் தாள் தருவதில்லை என்று அவள் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அவளாகவே ஒரு வழி எடுத்துக் கொடுத்தாள். அவருக்குக் காது கேட்காது, அதனால் நேரில்தான் பேச முடியும் என்றேன். அது நோய் என்ற கட்டத்தில் வராதாம். ஜனவரிக்கு நேரம் எழுதிக் கொடுத்தாள்.

டிராமில் திரும்பும்போது அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த ஊரில் அது மரியாதை. எனக்கு அன்று யாராவது “என்னாச்சு?” என்று கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

ஆக, இனி அந்தப் பச்சை விளக்குதான் கதி என்று ஆனது. பாத்திஹா அன்றைக்கு அத்தாவோடு படத்திலாவது உட்கார வேண்டும். வீட்டில் இதைச் சொன்னபோது ஹனா தலை நிமிராமல், “பெட்டிக்குக் கரண்ட் வருதான்னு முதல்ல பாரு” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. போடியில் கரண்டு இல்லாமலா இருக்கும் என்று கத்தினேன்.

4

மறுநாள் மதியம் காளியம்மக்காவை ஆபீஸிலிருந்து வீடியோவில் வரச் சொன்னேன். சரக்கு அறைக்குப் போய் அந்தப் பெட்டியில் என்ன நிறம் எரிகிறது என்று காட்டுங்கள் என்றேன்.

“காட்டுறேன் தாயி. ஆனா அதப் பாக்க முடியாதே.”

“ஏன்க்கா?”

டேப்லெட்டைக் கதவுப் பக்கம் திருப்பினார். வாசற்படியிலிருந்து கூரை வரை மூட்டை. கறுப்பு பிளாஸ்டிக் உறை போட்டுத் தைத்த சாக்கு மூட்டைகள். எடை மிஷின் வாசலுக்கு வெளியே வந்திருந்தது. உள்ளே ஒரே இருட்டு.

“அது பின்னாடி செவுத்துல கெடக்கு தாயி. மூட்ட எறங்குன அன்னிக்கே தம்பி மெயின எறக்கிட்டாக. சரக்கு இருக்கைல உள்ள கரண்டு ஏது?”



இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. நான் ஐந்தாவது படிக்கும்போது, அடுத்த தெருவில் ஒரு சரக்கு அறையில் வயர் உருகித் தீப்பிடித்தது. ஊரெல்லாம் இரண்டு நாள் ஏலக்காய் கருகிய வாடை. மூன்றாம் நாளே அத்தா எங்கள் அறைக்குத் தனி மெயின் போட்டார். காய் இருக்கும் நாளில் அந்த அறைக்குக் கரண்டு கிடையாது என்று சட்டமும் போட்டார். மூட்டையைப் பிரித்துப் பார்க்க அவர் உள்ளே போகும்போது, பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றவள் நான்தான். உள்ளங்கையில் காயைப் போட்டு உருட்டி, பச்சை எந்த அளவு நிற்கிறது என்று பார்ப்பார். ஆவணி பிறந்தால் என் பள்ளிக்கூட யூனிபார்மெல்லாம் ஏலக்காய் வாடை அடிக்கும். மதுரையிலிருந்து புதிதாக வந்த டீச்சர் ஒருத்தர், “உங்க வீட்ல தெனம் பாயசமா?” என்று கேட்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் நான். ஆனி மாதம் காலியாகக் கிடந்த சரக்கு அறையைப் பார்த்து, வருஷம் முழுக்க அது அப்படியே கிடக்கும் என்று நினைத்துவிட்டேன். போடியில் வேறு எந்த வீட்டுப் பிள்ளையும் இதைச் செய்திருக்காது. இங்கே வந்த பதினெட்டு வருஷத்தில் எதையெல்லாமோ மறப்பேன் என்று பயந்திருக்கிறேன், இது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

எலெக்ட்ரிக் கடைக்காரர் சிரித்ததைவிட, அத்தா அன்று சரி சரி என்று சொன்னதுதான் அதிகம் வலித்தது. அவருக்கு அன்றே தெரியும். என் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

5

ஷாகுல் அப்போது மேலே பூப்பாறைப் பக்கம் காய் பார்க்கப் போயிருந்தான். ஜீப்பில் இறங்கி வரும் வழியில் டவர் கிடைத்த இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டான்.

“ஒரு நாளைக்கு மட்டும் மெயினப் போடுடா ஷாகுலு. பாத்திஹா அன்னைக்கு ஒரு மணி நேரம்” என்றேன்.

“அது முடியாதுக்கா.”

“ஒரு மணி நேரத்துல என்னடா ஆயிரும்?”

“ஒண்ணும் ஆகாது. ஆனா அத்தா இருக்கைல அவரு போட்ட சட்டத்த நான் மீற மாட்டேன். அதுல பாதி நம்ம சரக்கு, பாதி மலையில உள்ளவுக நம்மள நம்பி எறக்குனது.”

நியாயம்தான். எனக்கு அன்று நியாயம் வேண்டியிருக்கவில்லை. “ஒனக்கு ஏலக்காதான் பெருசு. அத்தா எங்கிட்டப் பேசாட்டி ஒனக்கென்ன” என்று சொல்லிவிட்டேன்.  ஜீப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“தெனம் ரெண்டு வேள அவரோட ஒக்காந்து சாப்புடுறேன்க்கா. நீ ஞாயித்துக்கெழம ஒக்கார்ற. நான் ஒண்ணும் சொல்லல” என்றான். அதன்பிறகு டவர் போய்விட்டது. டவர் போயிற்றா, அவன் வைத்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வழி கண்டுபிடித்தவர் காளியம்மக்கா. பாத்திஹாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அவரே கூப்பிட்டார்.

“தாயி, மாடிப்படி திரும்புற எடத்துல ஒரு பல்பு எரியுதுல்ல, அங்கன அந்தப் பொட்டிய மாட்டுனா என்ன? நான் அங்க நின்னு கொரல் குடுத்தா ஆபீசுலயும் கேக்குது, அடுப்படியிலயும் கேக்குது. எங்கொரலு போற எடத்துக்கு அது போகாதா?”

ஆபீஸ் ஓரமாக ஏறும் படி அது. பாதியில் திரும்பி, முற்றத்தைப் பார்க்கும். அங்கிருந்து சிக்னல் சரக்கு அறைக்கு மேலாகவே போய்விடும். எனக்கோ, நடு நடு என்று படித்துப் படித்துச் சொன்ன ஹனாவுக்கோ தோன்றாத இடம். ஷாகுல் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஆளைக் கூப்பிட்டு அங்கே ஒரு பிளக் வைத்தான். மூட்டைச் சந்துக்குள் அவனே நுழைந்து, டார்ச் அடித்து, பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து செருகினான். அன்று மாலை அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. படிக்கட்டுச் சுவரில் பச்சை விளக்கு. கீழே ஒரு எழுத்தும் இல்லை. நன்றி என்று எழுதினேன், அழித்தேன். “சாப்டியாடா?” என்று எழுதி அனுப்பினேன். “சாப்டேன்க்கா” என்று வந்தது.

6

பாத்திஹா ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்தது. முன்னறையில் ஓதி முடித்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, காளியம்மக்கா டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அத்தாவின் அறைக்குப் போனார். எனக்குப் பதினொரு மணி. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். படம் அவ்வளவு தெளிவாக வந்தது, அத்தாவின் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிற நூலில் தைத்திருப்பது வரை தெரிந்தது.

ஒன்றரை மாதத்துப் பேச்சையும் கொட்டினேன். அட்டை, அலுவலகத்துப் பெண், சரக்கு அறையை நான் மறந்தது, ஷாகுலிடம் வாய் நீண்டது, அம்மா. அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது அழுதேன். அத்தா தலையாட்டிக்கொண்டே இருந்தார். “ஆமா”, “அதுதான்”, “சரிம்மா”. மனசு கொஞ்சம் லேசானது.

“நெய்ச்சோறு சாப்ட்டீங்களா அத்தா?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா, மழைதான். காலையிலருந்து விடல” என்றார்.

மறுபடியும், வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகக் கேட்டேன். சிரித்துத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற காளியம்மக்கா அவர் முழங்காலைத் தொட்டுத் திருப்பி, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார். உடனே, “சாப்ட்டேன் சாப்ட்டேன். கறிதான் சித்த ஒரைப்பு” என்றார் அத்தா.

“அக்கா, நான் பேசுறது அவருக்கு வெளங்கலையா?”

காளியம்மக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். “டேப்லெட்டுல தெரியுற வாயி அவுகளுக்குப் பிடிபடாது தாயி. நேர்ல இருக்கணும். அம்மா இருக்கைல அவுகதான பக்கத்துல ஒக்காந்து, நீங்க சொல்லச் சொல்லச் சொல்லிக் குடுப்பாக?”

அம்மா படத்தின் ஓரத்தில் பாதி முகமாக உட்கார்ந்திருப்பார். நான் பேசும்போதெல்லாம் அவர் வாயும் அசையும். குறுக்கே பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். “கொஞ்சம் சும்மா இரும்மா, அத்தாகிட்டப் பேசிக்கிறேன்ல” என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சிடுசிடுத்திருக்கிறேன். அம்மா போன பிறகு திரையில் அத்தாவிடம் நான் பேசிய எதுவுமே அவரைப் போய்ச் சேரவில்லை.

“அப்ப எதுக்கு அத்தா இம்புட்டுப் பாடு? எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல” என்றேன். சொல்லும்போதே அதுவும் அவருக்கு விளங்காது என்று தெரிந்தது. காளியம்மக்கா அதையும் அவர் பக்கம் திரும்பி வாயசைத்துச் சொன்னார். அத்தா அவரை முறைத்தார். பிறகு என் பக்கம் பார்த்தார்.

“பேசவா ஒக்காந்திருக்கேன்? பாக்குறதுக்குத்தாம்மா. நீ ஒஞ் சோலியப் பாரு. வச்சுராத.”

காளியம்மக்கா டேப்லெட்டைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, “பஸ்சுக்கு நேரமாச்சு தாயி” என்று கிளம்பினார். அறையில் அத்தா மட்டும். நான் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். வெங்காயம் நறுக்கினேன். உலை வைத்தேன். ஹனா வந்து ரொட்டி எடுத்தவள், திரையைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். “நன்னா” என்று தாத்தாவைக் கூப்பிட்டாள். அத்தாவும் கையை ஆட்டினார். அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். சோறு வடித்தேன், குழம்பு கூட்டினேன், அடுப்பைத் துடைத்தேன், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தேன். எங்கள் அடுப்படி சின்னது, ஒரு மணி நேரத்தில் வேலை எல்லாம் தீர்ந்துவிட்டது. அத்தா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கவிழ்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பத் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்தேன்.